ஊரார் படிச்ச கடுதாசி

என் ராசாத்திக்கு,

நாயுடுபேட்டையிலேருந்து உன் பழைய சைக்கிள் கேரியர் எழுதறேன். உன் கடுதாசி போன வியாழக்கிழமை வந்துச்சு. இந்தக் காலத்துல யாரு கடுதாசியெல்லாம் எழுதறாங்கன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணாரு, நான் காதுல வாங்கிக்காம அடுப்படியில நின்னுக்கிட்டே பிரிச்சுப் படிச்சேன், பால் பொங்கி ஸ்டவ்வெல்லாம் வழிஞ்சதுகூடத் தெரியலை. நாலு பக்கமும் மருமகளைப் பத்தியும் முழங்கால் வலியைப் பத்தியும் எழுதிட்டு, கடைசியில ஓரமா, பேனா நழுவினாப்புல ஒரு வரி எழுதியிருந்தியே, ‘காலையில எதுக்குடி எந்திரிக்கிறோம்னே தெரியலை’ன்னு, அந்த ஒரு வரிதான் நாலு நாளா என்னைத் தூங்க விடலை. அதுக்குப் பதில் எழுதத்தான் இன்னிக்கு மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு உக்காந்திருக்கேன். நான் நேரா விஷயத்துக்கு வரமாட்டேன்னு உனக்குத் தெரியும், ஒரு சொம்புத் தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி.

முதல்ல இந்த ஊர்ப் புலம்பலைக் கேட்டுடு. வந்து ரெண்டு வருஷமாச்சு. இவருக்கு மேனகூரு பக்கம் கம்பெனி வேலை, காலையில போனா ராத்திரிதான் தலையைக் காட்டுவாரு. நெல்லூர் மாவட்டமா இருந்த ஊரை 2022 ஏப்ரல்ல திருப்பதி மாவட்டத்துல சேத்துட்டாங்க, அதனால நம்ம சொந்தக்காரங்க எல்லாரும் ‘அப்ப தினம் பெருமாளைச் சேவிக்கலாம்’னு சொல்றாங்க, நினைச்ச மாத்திரத்துல போயிட்டு வர்ற தூரமா அது! ஸ்வர்ணமுகின்னு ஆத்துக்குப் பேரு, பேருலதான் தங்கம், நான் பாத்த நாளெல்லாம் பெரும்பாலும் மணல். இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, தோசைக்கு வேர்க்கடலைச் சட்னி, அது மேல காரப்பொடி. நம்ம ஊர் முட்டை மாஸ் சாப்பிடணும்னு நாக்கு ஏங்குதுடி, இங்கே யாருகிட்ட சொன்னாலும் ஆம்லெட்டான்னு கேக்கறாங்க. நல்லதும் இருக்கு, இல்லேங்கலை. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடற அன்னிக்குத் தெருவே மொட்டைமாடியில நிக்கும். சூலூர்பேட்டை போற வழியில நேலபட்டுன்னு ஒரு ஊர், அங்கே கூழைக்கடாப் பறவைங்க மரம் மரமா வந்து கூடு கட்டுது, நீ வந்தா கூட்டிட்டுப் போறேன். தை மாசத்துக்குள்ள வா, சித்திரைக்கு வந்து நின்னா வெறும் மரத்தைத்தான் பாக்கணும்.

சரி, உன் வரிக்கு வர்றேன். அதே கேள்வி எனக்கும் இங்கே வந்த புதுசுல வந்துச்சு, உனக்குச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லலை. பொண்ணு பெங்களூருல, பையன் அவன் வேலையில, இவர் கம்பெனியில, எனக்குச் சுவரும் கேஸ் அடுப்பும். ஒருநாள் போன்ல அழுதுட்டேன். உடனே பொண்ணு என்ன பண்ணா தெரியுமா, அவ ஆபீசுல ஏதோ வகுப்பு எடுத்தாங்களாம், வாழ்க்கை நோக்கத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு, அதுல குடுத்த கேள்வித்தாளை எனக்கு அனுப்பிட்டா. ‘எதைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போறதே தெரியலை?’ இது முதல் கேள்வி. ஏழரை மணி சீரியல்னு எழுதினேன். ‘பத்து வருஷம் கழிச்சு எங்கே இருக்க விரும்பறீங்க?’ உயிரோடன்னு எழுதினேன். அவளுக்கு ஒரே கோபம். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அவளே கூப்பிட்டு, ‘அம்மா, அதையெல்லாம் விடு, உனக்கு எப்பெல்லாம் அழுகை வருது, எதைப் பாத்தா வயிறு எரியுது, யாரைப் பாத்தா பொறாமையா இருக்கு, ஒரு மாசம் குறிச்சு மட்டும் வை, யாருக்கும் காட்ட வேண்டாம்’னா.

இது கொஞ்சம் யோசிக்க வச்சுதுடி. நம்மள வளத்தவங்க என்ன சொல்லி வளத்தாங்க? உணர்ச்சிவசப்படாதே, பொம்பளை புத்தி, அழுதா காரியம் ஆகுமா, இதுதானே. அழுகையும் கோபமும் அடக்கி வைக்க வேண்டிய சரக்குன்னுதான் நாம நினைச்சோம், அதுக்குள்ள ஏதாவது தகவல் இருக்கும்னு யாரும் சொல்லலையே. பொண்ணு ஒரு கதை சொன்னா. அன்டோனியோ டமாசியோன்னு மூளை டாக்டர் ஒருத்தர், போர்ச்சுகல்காரர், அமெரிக்காவுல இருந்தவர், 1994ல ஒரு புத்தகம் எழுதினாராம். அதுல எலியட்னு பேரை மாத்தி ஒரு நோயாளியைப் பத்தி வருது. மூளையோட முன்பக்கத்துல கட்டி, எடுத்தாச்சு. அதுக்கப்புறமும் அந்த மனுஷன் அறிவுச் சோதனையெல்லாம் நல்லாவே செஞ்சாரு, பேச்சு ஞாபகம் எதுலயும் குறையில்லை, ஆனா சந்தோஷம் துக்கம் எதுவும் அவரைத் தொடலை. விளைவு? காகிதத்தை அடுக்கச் சொன்னா எந்த வரிசையில அடுக்கறதுன்னு மத்தியானம் பூரா யோசிச்சுக்கிட்டே இருப்பாராம். எது முக்கியம், எது அப்புறம்னு முடிவெடுக்க முடியாம வேலை போச்சு, குடும்பமும் உடைஞ்சுது. அறிவு பத்து வழியைக் காட்டும், அதுல ஒண்ணைப் பாத்து ‘இது’ன்னு சொல்றது நெஞ்சுதான் போல. எனக்கு அதைக் கேட்டதும் எங்க மாமியார் ஞாபகம்தான் வந்துச்சு, புடவைக் கடையில மூணு மணி நேரம் உக்காந்து ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சு வருவாங்களே. அவங்களுக்கு மூளையில ஒண்ணுமில்லை, கஞ்சத்தனம்.

பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல குறிக்க ஆரம்பிச்சேன். முதல்ல மாட்டினது பொறாமை. எதிர்வீட்டு அக்கா தினம் காலையில திண்ணையில காலை நீட்டிக்கிட்டு ஈநாடு பேப்பரை வாய்விட்டுப் படிப்பாங்க. அறுபதைத் தாண்டினவங்க, கூலிக்குப் போய்ப் பிள்ளைங்களை ஆளாக்கினவங்க. அவங்க கழுத்துல கிடக்கற சங்கிலியைப் பாத்து எனக்குப் பொறாமை வரலை, அந்தப் பேப்பரைப் பாத்து வந்துச்சு. ஏன்னு யோசிச்சா, அந்த வாரம்தான் எனக்கு அந்த அசிங்கம் நடந்திருந்துச்சு. காளஹஸ்திக்குப் போகணும்னு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், போர்டெல்லாம் தெலுங்குல, ஜாங்கிரி பிழிஞ்சாப்புல ஒவ்வொரு எழுத்தும். யாருகிட்டயாவது கேக்க வெக்கம், பட்டப்படிப்பு படிச்சவளாச்சே! ஒரு பஸ்ஸைப் பாத்து இதுதான்னு நானே முடிவு பண்ணி ஏறி உக்காந்து, ஜன்னலோரமாத் தூங்கி, கண்ணு முழிச்சா வெங்கடகிரி. சிரிக்காதே. நஷ்டத்துக்கு ஈடா அங்கே ஒரு சேலை எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன், இவருகிட்ட இன்னி வரைக்கும் சேலை வாங்கத்தான் போனேன்னே சொல்லி வச்சிருக்கேன். ஆனா திரும்பி வர்ற பஸ்ஸுல, பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட ‘இது நாயுடுபேட்டை போகுமா’ன்னு மூணு தடவை கேட்டப்போ தொண்டை அடைச்சுக்கிச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க காலம் பூரா இப்படித்தானே கேட்டுக்கிட்டு நிப்பாங்க? நாம ரெண்டு பேரும் அறிவொளி இயக்கத்துல அத்தனை பேருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தோமே, அப்பக்கூட எனக்கு இது உறைக்கலைடி.

மறுநாளே போய் அந்த அக்காகிட்ட எனக்குத் தெலுங்கு எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன். எழுத்து மேல ஒரு சின்ன டிக் அடிக்கிறாங்களே, அதுக்குப் பேரு தலகட்டாம், தலைப்பாகைன்னு வச்சுக்கோயேன். நான் தலகட்டு போட மறந்தா, ‘பாவம், மொட்டைத் தலையோட வெயில்ல நிக்குது பாரு’ம்பாங்க. நீங்க எங்கே படிச்சீங்கன்னு ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, இல்லே, கேட்டது நல்லதாப் போச்சு, அன்னிக்கு ரசம் வைக்கலை, இவருக்கு மோர்தான்.

அவங்களுக்குப் பொறந்த ஊர் வடக்கே, கலிகிரி பக்கம். அங்கே தூபகுண்டான்னு ஒரு கிராமம். 1991ல நம்ம புதுக்கோட்டையில அறிவொளி நடந்துச்சே, அதே சமயம் நெல்லூர் மாவட்டத்துலயும் எழுத்தறிவு இயக்கம், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல வகுப்பு, எல்லாம் நம்மளை மாதிரிதான். அவங்க பாடப் புத்தகத்துல சீத்தம்மான்னு ஒருத்தியோட கதை, புருஷன் குடிகாரன். அதைப் படிச்ச தூபகுண்டா பொம்பளைங்களுக்கு அது யாரோ சீத்தம்மா கதையாத் தெரியலை. குடிக்கிற தண்ணி வராத ஊருக்கும் பாக்கெட் சாராயம் தவறாம வந்துச்சாம் அப்போ. எல்லாரும் ஒண்ணாத் திரண்டு போய் ஊருக்குள்ள சாராயம் வராம நிறுத்திட்டாங்க, ரோசம்மாங்கிறவங்க பேரை இன்னிக்கும் சொல்றாங்க. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தூபகுண்டா கதையையே ‘பெண்கள் ஒண்ணு சேந்தா’ன்னு அடுத்த புத்தகத்துல பாடமாப் போட்டுட்டாங்க. அதைப் படிச்ச பக்கத்து ஊர், அதுக்கு அடுத்த ஊர்னு, துடைப்பமும் மிளகாய்ப்பொடியுமா மாவட்டமே கிளம்பிருச்சு. 1992ல சாராய ஏலத்தை நடத்த முடியாம அதிகாரிங்க ஒத்தி வச்சுக்கிட்டே போனாங்க. 1993 ஏப்ரல்ல நெல்லூர் மாவட்டத்துலயும் அக்டோபர்ல ஆந்திரா முழுக்கவும் சாராயத்துக்குத் தடை, 1995 ஜனவரியில என்.டி.ஆர். முழு மதுவிலக்கே கொண்டாந்தாரு. 1997ல சந்திரபாபு அதைத் தளர்த்திட்டாரு, அது வேற கதை.

நான் கேட்டேன், ‘அக்கா, கடையைத் திறந்ததும் உங்க வீட்டுக்காரர் திரும்பவும் குடிச்சாரா?’ அவங்க வெத்தலையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: ‘குடிச்சான். ஆனா பாஸ்புக் எங்கிட்ட இருந்துச்சு.’

அதுக்கப்புறம் அவங்க சொன்னதுதான் எனக்குப் பெரிசாப்பட்டுது. கோபம் ஊர்ல எல்லாருக்கும் வந்துச்சாம், கோபம் எல்லாருக்கும் ஆறியும் போச்சாம். இவங்களுக்கு மட்டும் ஒண்ணு மிச்சமா நின்னுது. ராத்திரி வகுப்புல கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுத்த மறுநாள், இவங்களாப் போட்ட முதல் கணக்கு என்ன தெரியுமா, ரெண்டு பேரோட கூலியில சாராயத்துக்குப் போனதைக் கழிச்சது. விடையைப் பாத்துட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்களாம். கணக்கு தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் ஏமாந்திருக்க மாட்டோமேங்கிற அந்த வலி ஆறவேயில்லை. அப்புறம் டுவாக்ரான்னு பொம்பளைங்க சேமிப்புக் குழு வந்துச்சு, நாளுக்கு ஒரு ரூபான்னு சேக்கற பழக்கம் வந்துச்சு, பிள்ளைங்க கல்யாணம் காட்சின்னு இந்த ஊருக்குக் குடி வந்தாங்க, இங்கேயும் குழுவுக்கு நோட்டு எழுதறது இவங்கதான், இருபத்தஞ்சு வருஷமா. ஒரு ரூபா குறைஞ்சாலும் தூக்கம் வராது. ‘எல்லாரும் என்னைப் போராட்டக்காரிம்பாங்க, நான் கணக்குப்பிள்ளைம்மா’ன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

இப்ப நம்ம ஊரை நினைச்சுப் பாரு. அதே 1991, அதே மாதிரி வகுப்பு. நம்ம பொம்பளைங்க என்ன பண்ணாங்க? சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க! கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா சைக்கிளையும் அறிவொளியில ஒரு பாடமாவே ஆக்கி, பொம்பளைங்களுக்கு லோன் போட்டுக் குடுக்க வச்சாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம நம்ம பொம்பளைங்க ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க, பார்ல பிள்ளையை உக்கார வைக்கலாம்னு அதுவே வசதின்னும் சொன்னாங்க. பத்திரிகைக்காரர் பி. சாய்நாத் வந்து பாத்து அதைப் பத்தி எழுதி, ஏழை மாவட்டங்களைப் பத்தின அவரோட புத்தகத்துலயும் சேத்தாரே, 1996ல. பல்லவன்குளத்துக்கிட்ட நீ எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்து, நான் நேரா ஒரு தள்ளுவண்டியில போய் இடிச்சு, கொய்யாப்பழமெல்லாம் ரோட்டுல உருண்டு, அன்னியோட நான் கேரியர்ல உக்காரறதோட நிறுத்திக்கிட்டேன். ஆனா நீ! திருக்கோகர்ணத்து மேட்டுல மிதிக்கும்போது உன் முதுகைப் பாத்துக்கிட்டே வருவேன், ஜாக்கெட் நனைஞ்சிருக்கும், நீ பாட்டுக்கு ஏதோ கத்திக்கிட்டு வருவே. அங்கே எழுத்து படிச்சவங்களுக்குக் கோபம் வந்துச்சு, இங்கே படிச்சவங்களுக்குக் கால் முளைச்சுது. பாடம் ஒண்ணுதான். எது யாருக்கு எந்த இடத்துல தைச்சுதுங்கிறதுதான் வேற வேற. அதை எந்த கலெக்டரும் திட்டம் போட்டுச் சொல்ல முடியாது, எங்க பொண்ணோட ஆபீசு கேள்வித்தாளும் சொல்லாது.

நான் என்ன பண்ணேன்? அவசரக்குடுக்கை. ‘ஆகா, எனக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான் பிடிக்கும், அதான் என் நோக்கம்’னு நானே தீர்ப்பெழுதி, தெருப்பிள்ளைங்க எட்டு பேரைச் சேத்து இங்கிலீஷ் டியூஷன் ஆரம்பிச்சேன். ஒரே மாசம்டி. மணி நாலானா வயித்தைக் கலக்கும். அதுங்களும் பாவம், கொட்டாவி விட்டுக்கிட்டு எழுதுங்க, நானும் கொட்டாவி விட்டுக்கிட்டு திருத்துவேன். அப்பத்தான் தெரிஞ்சுது, செய்யற வேலை வேற, அதுக்கு அடியில ஓடற ஊத்து வேற, நான் வேலையைப் புடிச்சுக்கிட்டு ஊத்தை விட்டுட்டேன்.

வேலை மாறினாலும் ஊத்து மாறாதுங்கிறதுக்கு ஒருத்தரைச் சொல்றேன். நீ போன வருஷம் மதுரையில கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டியே, அந்த அரவிந்த் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி இருந்தாரே, அவரு கண் டாக்டராகணும்னு நினைச்சவரே இல்லை. வடமலாபுரம்னு எட்டயபுரம் பக்கத்து கிராமம் அவருக்கு. சின்னப் பையனா இருக்கும்போது சொந்தத்துல மூணு பொண்ணுங்க பிள்ளைப்பேறு சமயத்துல இறந்துட்டாங்க, ஊர்ல டாக்டர் கிடையாது. அந்தத் துக்கத்துலதான் பிரசவ டாக்டராகணும்னு படிச்சாரு. படிச்சு முடிச்சு ராணுவத்துல இருக்கும்போது முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப் போச்சு, நிக்கக்கூட முடியாம மாசக்கணக்கா படுக்கையில. பிரசவம் பாக்க முடியாது. இன்னொருத்தரா இருந்தா என் நோக்கம் போச்சேன்னு சாமி படத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இவரு கண் வைத்தியத்துக்கு மாறி, கோணல் விரலுக்கு ஏத்த மாதிரி கத்தியைப் புடிக்கப் பழகி, சர்க்கார் உத்தியோகத்துல ரிட்டயர் ஆனதும் 1976ல பதினோரு படுக்கையோட அரவிந்தை ஆரம்பிச்சாரு, 58 வயசுல. வைத்தியம் எட்டாததால ஒரு உசுரு வீணாப் போகக் கூடாதுங்கிற அந்தச் சின்னப் பையனோட துக்கம் இடம் மாறி உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது. 58டி! நமக்கு அதுக்கு இன்னும் நாலு வருஷம் கிடக்கு.

அப்ப என் ஊத்து எதுன்னு நோட்டைத் திரும்பப் புரட்டினேன். ‘செவ்வாய், மொபைல் கடை, வயிறு எரிஞ்சுது.’ ‘வெள்ளி, மறுபடி மொபைல் கடை.’ என்ன விஷயம்னா, எங்க தெருமுனையில ஒரு மொபைல் கடை, நல்ல பையன், குத்தம் சொல்ல முடியாது. தெருவுல இருக்கற வயசான பொம்பளைங்க எல்லாம் போனுக்கு மெசேஜ் வந்தா அவன்கிட்ட நீட்டுவாங்க. பேங்க்ல பணம் ஏறுச்சா, எடுத்துட்டாங்களா, எவ்வளவு மிச்சம், அவன் எல்லாத்தையும் சத்தமாப் படிப்பான், ரீசார்ஜுக்கு நிக்கறவங்க எல்லாம் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. ‘ஏம்மா, உன் மவன் குவைத்துலேருந்து இந்த மாசம் ஒண்ணும் அனுப்பலை போலிருக்கே’ம்பான், கெட்ட எண்ணத்துல இல்லை, அக்கறையாத்தான். அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு முந்தானை நூலைப் பிச்சுக்கிட்டு நின்னாங்க. அவ்வளவுதான், எனக்கு வயித்துல யாரோ கையை விட்டுப் பிசைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்து எதுக்கு அழறேன்னு தெரியாம அழுதேன். பாதி அழுகையில தெரிஞ்சுது, நான் அழறது அந்தம்மாவுக்காக இல்லை.

உனக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. எங்க அப்பா சிங்கப்பூர்ல இருந்தாரே, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வரைக்கும் அவரோட நீலக் கடுதாசியெல்லாம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினது தெருக்கோடி வாத்தியார்தான், ரிட்டயர் ஆனவர், காது கொஞ்சம் மந்தம், அதனால நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரிதான் படிப்பாரு. பணத்தை ஏன் இப்படிச் செலவழிக்கிறேன்னு அப்பா திட்டி எழுதினதையும் அதே சத்தத்துலதான். அம்மா திண்ணையில உக்காந்து பாயோட கோரையைப் பிச்சுக்கிட்டே கேக்கும், ஒரு வார்த்தை பேசாது. ஊர் படிக்கும்னு தெரிஞ்சதாலேயோ என்னமோ, அப்பா ஒரு எழுத்துகூட ஆசையா எழுதினதில்லைன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அறிவொளி வந்தப்போ அம்மாவும் என் வகுப்புலதானே உக்காந்துச்சு, அப்போ அப்பா ஊருக்கே திரும்பி வந்தாச்சு, இனிமே எந்தக் கடுதாசியும் வரப்போறதில்லை, எதுக்கு இந்தம்மா இவ்வளவு மல்லுக்கட்டிப் படிக்குதுன்னு நினைப்பேன். ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் டிரங்குப் பெட்டியிலேருந்து அந்தப் பழைய கட்டை எடுத்துப் பிரிச்சு ஒண்ணொண்ணா, விரலை வச்சு வச்சுப் படிச்சுச்சு. வாத்தியார் எதையாவது விட்டிருக்காரான்னு பாக்கவாம். ஒண்ணே ஒண்ணு விட்டிருந்தாரு. நான் கைக்குழந்தையா இருந்தப்போ வந்த கடுதாசியில, ஓரமா ஒரு வரி, ‘நீ சிரிச்சாப்புல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு’ன்னு. மனுஷன் கூச்சப்பட்டுக்கிட்டு அதை மட்டும் படிக்காம விட்டுட்டாரு. அம்மா அந்தக் கடுதாசியை எங்கிட்டக் காட்டிட்டு, கூடத்துல நாற்காலியில தூங்கிக்கிட்டிருந்த அப்பாவை ஒரு பார்வை பாத்துச்சு பாரு, இருபது வருஷம் லேட்டா.

இதுதான்டி என் ஊத்து. எனக்கு வேண்டியது டீச்சர் உத்தியோகம் இல்லை. ஒருத்தங்களுக்கு வந்ததை அவங்களே படிக்கணும், நடுவுல யாரும் நிக்கக் கூடாது, அதுதான் எனக்கு வேணும். கேட்டா சின்ன விஷயம், எனக்கு இது போதும்.

டியூஷனை நிறுத்திட்டேன். இப்ப மத்தியானம் ரெண்டரைக்கு எதிர்வீட்டுத் திண்ணையில அஞ்சு பேரு, போனோட. பாடம் ரொம்பச் சின்னது. பேங்க் மெசேஜுல பணம் வந்ததுக்கு ஒரு வார்த்தை, போனதுக்கு ஒரு வார்த்தை, ரெண்டும் இங்கிலீஷ், ரெண்டையும் முதலெழுத்தை வச்சே கண்டுபிடிக்கலாம். சி அரை நிலா, அது வந்தா பணம் வந்துச்சு. டி தொப்பை தள்ளினவன், அவன் வந்தா உன் பணத்தைத் தின்னுட்டான்னு அர்த்தம். அதுக்குப் பக்கத்துல எண்ணு. ஓ.டி.பி. வந்தா பெத்த பிள்ளை கேட்டாலும் சொல்லாதே. அக்கா எண்ணு சொல்லிக் குடுக்கறாங்க, நான் எழுத்து, என் தெலுங்கைக் கேட்டு அஞ்சு பேரும் சிரிக்கிறதுலயே பாதி நேரம் போயிடுது. பெரிய மாத்தம்னு ஒண்ணுமில்லை, ரெண்டு பேரு பாதியிலேயே நின்னுட்டாங்க, ஒருத்தங்க இன்னும் அரை நிலாவையும் தொப்பையையும் மாத்திச் சொல்லி எல்லாருக்கும் பீதியைக் கிளப்பறாங்க.

ஆனா நேத்து நடந்ததைக் கேளு. அந்தக் குவைத்துக்காரனோட அம்மா, பாடம் நடக்கும்போதே போன் டிங்குன்னுச்சு. எப்பவும் எங்கிட்ட நீட்டுவாங்க, நானும் பழக்கத்துல கையை நீட்டினேன். அவங்க போனை எடுத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அக்காவைப் பாத்தாங்க, மெதுவா அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்து, முந்தானையை இழுத்துப் போனுக்கு மேல மூடிக்கிட்டு, குனிஞ்சு உள்ளே பாத்தாங்க. உதடு அசைஞ்சுது. அப்புறம் போனை இடுப்புல செருகிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி, ‘ஊம், அடுத்த எழுத்து’ன்னாங்க. பணம் வந்துச்சா வரலையான்னு எனக்கு இன்னும் தெரியாது. கேக்கவும் மாட்டேன்.

ராத்திரி படுக்கும்போது அலாரம் வைக்கலைடி.

உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சுடவச்சுத் தேய், மருமக நெய்யைத் தாராளமா ஊத்தறாங்கிறதுக்கெல்லாம் சண்டை போடாதே, உன் மாமியார் உன்னைச் சொன்னதும் அதேதான். தைக்கு வர்றதைப் பத்தி உன் வீட்டுக்காரர்கிட்டப் பேசு. பஸ் போர்டு படிக்க ஆள் இருக்கு.

உன்
சைக்கிள் கேரியர்

பின்குறிப்பு: அந்தப் பச்சை சைக்கிள் இன்னும் மாட்டுக்கொட்டாயில சாத்தி வச்சிருக்கா? ட்யூப் போயிருக்கும், செயின் துருப்பிடிச்சிருக்கும், அதெல்லாம் பரவாயில்லை. முழங்கால் வலிக்குதுன்னு காரணம் எழுதாம, அதைப் பாத்தா உனக்கு என்ன தோணுதுன்னு மட்டும் எழுது.